மறுமொழி: "யார் பார்த்தாங்க"ன்னு காட்டுற வசதிக்கு என்ன சொல்லு? பார்வையாளர் / பார்த்தோர் / நிலவரம்

எல்லாருக்கும் வணக்கம்,

ஆப்புங்களோட இடைமுகத்த தமிழாக்குற நம்ம குழுமத்துல இந்த மடல் இழை ரொம்ப நீளமா போயிடுச்சு, அதனால மேல வந்த மடல்கள்ல எனக்கு பதில் சொல்லணும்னு தோணுன வரிகளை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கேன், மத்ததை விட்டுட்டேன்னு யாரும் கோச்சுக்க வேணாம்.

> சமூக வலைத்தளத்துல நாம போட்ட வீடியோவ யார் யார் பார்த்தாங்கன்னு தெரிஞ்சுக்குற வசதிக்கு ஒரே ஒரு நல்ல சொல் வேணும். "பார்வையாளர் அறிதல்"னு போட்டுடலாமா?

ஐயா, சொல்லுக்கு போறதுக்கு முன்னாடி அந்த வசதி எங்கெங்க இருக்குன்னு பார்த்துடுவோம், ஏன்னா பாதி இடத்துல அது இல்லவே இல்ல.

யூடியூப்ல இல்ல. சேனல் நடத்துறவங்களுக்குன்னு இருக்குற யூடியூப் ஸ்டூடியோவ தொறந்தா எத்தனை வியூ, எவ்வளவு நேரம் ஓடுச்சு, எந்த நாடு, எந்த வயசு, தேடி வந்தாங்களா இல்ல பரிந்துரைல வந்ததை தட்டுனாங்களா எல்லாம் இருக்கும், ஆள் பேரு மட்டும் இருக்காது. போதுமான அளவு ஆள் பார்க்கலன்னா வயசு, ஆண் பெண் விவரம் கூட காட்டாது, ரொம்ப கொஞ்ச பேர்ல அதையும் காட்டுனா யாருன்னு ஊகிச்சிடலாம் இல்லையா. சப்ஸ்கிரைபர் பட்டியல் இருக்கேன்னு கேப்பீங்க, அதுலயும் தன் சந்தாவ பொதுவுல வச்சிருக்குறவங்க பேரு மட்டும்தான் வரும், அவங்க சந்தா போட்டாங்கன்னு தெரியுமே தவிர நம்ம வீடியோவ பார்த்தாங்களான்னு தெரியாது.

இன்ஸ்டாகிராம்ல ஒரே ஆப்புக்குள்ளயே ரெண்டு விதம். ஸ்டோரி போட்டா கீழ இருந்து மேல தள்ளுனதும் யார் யார் பார்த்தாங்கன்னு வரிசையா பேரு வந்து நிக்கும், ஸ்டோரி 24 மணி நேரத்துல மறைஞ்சிடும், பட்டியல் போட்டதுல இருந்து 48 மணி நேரம் வரைக்கும் பார்க்கலாம். அதே ஆளு அதே வீடியோவ ரீலா போட்டா வெறும் எண்ணிக்கையும் லைக் போட்டவங்க பேரும்தான். ஃபேஸ்புக்கும் அப்படித்தான், ஸ்டோரிக்கு பேரு, சாதா வீடியோவுக்கு எண்ணு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பேரு தெரியும், ஆனா நீங்க ப்ளூ டிக்க அணைச்சு வச்சிருந்தா உங்க ஸ்டேட்டஸ யார் பார்த்தான்னு உங்களுக்கும் தெரியாது, நீங்க பார்த்ததும் மத்தவங்களுக்கு தெரியாது. நேரலைல இன்ஸ்டாகிராம் உள்ள வர்றவங்க பேர காட்டும், யூடியூப் இப்ப எத்தனை பேர்னு மட்டும் சொல்லும், சாட்ல பேசுறவங்க பேரு தனி.

ஆக பேரு காட்டுறது ஒண்ணு, கூட்டமா கணக்கு காட்டுறது ஒண்ணு, நீ காட்டுனாத்தான் நானும் காட்டுவேன்குற பேரம் ஒண்ணு. இந்த மூணுக்கும் சேர்த்து "பார்வையாளர் அறிதல்"னு பலகை மாட்டுனா, இல்லாத வசதி இருக்குறதா அந்த சொல்லே வாக்கு குடுக்குது. எனக்கு அதுதான் பிடிக்கல. "அறிதல்"னு படிச்ச மனுஷன் அந்த பட்டன் எங்கன்னு தேடுவான், ஆப்புல கிடைக்காது, வெளிய தேடுவான். அங்க காத்துக்கிட்டு இருக்காங்க ஒரு கூட்டம், "உங்க ப்ரொஃபைல யார் பார்த்தாங்க, உங்க வீடியோவ ரகசியமா யார் பார்த்தாங்க"ன்னு ஒரு ஆப், உள்ள போனதும் முதல்ல கேக்குறது உங்க லாகினும் பாஸ்வேர்டும்.

சில பேரு இன்னும் புத்திசாலித்தனமா சொல்லித் தருவாங்க, ஃபேஸ்புக் பக்கத்தோட சோர்ஸ, அதாவது பின்னாடி இருக்குற நிரல, தொறந்து "இனிஷியல் சாட் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்"டுன்னு தேடு, அதுக்கு பக்கத்துல வர்ற நீளமான எண்ணுங்கதான் உன்னை எட்டிப் பார்த்தவங்க ஐடி, முதல்ல இருக்குறவன் அதிகமா பார்த்தவன்னு. பேரையே பாருங்க, அது சாட் பெட்டில யார முதல்ல காட்டலாம்னு அந்த நிரல் வச்சிருந்த வரிசை. அடிக்கடி பேசுற ஆளு மேல இருப்பான், பார்த்தானா இல்லையான்னு அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எண்ணை எடுத்து போட்டா தெரிஞ்ச முகமா வரும், உடனே நம்பிடுவாங்க. யார் உங்க பக்கத்த பார்க்குறாங்கன்னு காட்டுற வசதி எங்ககிட்டயும் இல்ல, வெளி ஆப்பாலயும் முடியாதுன்னு ஃபேஸ்புக் உதவிப் பக்கத்துலயே எழுதி வச்சிருக்காங்க, அதை யாரு படிக்குறா.

> கம்பெனிக்கே தெரியாதப்ப நமக்கு எப்படி காட்டுவாங்க? அதனால "அறியப்படாப் பார்வையாளர்"னு வைக்கலாம்.

இதை ஒத்துக்க மாட்டேன். கம்பெனிக்கு நல்லா தெரியும். வயாகாம்னு ஒரு அமெரிக்க டிவி, சினிமா கம்பெனி யூடியூபோட உரிமையாளரான கூகுள் மேல 2007-ல போட்ட பதிப்புரிமை வழக்குல, 2008-ல, எந்த யூசர் எந்த ஐபி முகவரில இருந்து எந்த வீடியோவ எப்ப பார்த்தாருன்னு இருக்குற யூடியூப் பதிவேட்டை அப்படியே எதிர்தரப்புக்கு குடுக்கணும்னு அமெரிக்க நீதிபதி உத்தரவே போட்டாரு. 12 டெராபைட் பதிவு அது. பெரிய கூச்சல் கிளம்பி, அப்புறம் ரெண்டு தரப்பும் பேசி ஆள் அடையாளத்தை எடுத்துட்டு குடுக்குறதா முடிவாச்சு. அதாவது பட்டியல் இருக்கு, போட்டவர் கைக்கு வராது, அவ்வளவுதான். "அறியப்படா"ன்னு சொன்னா அந்த உண்மையே மறைஞ்சு போயிடும்.

வராம இருக்குறதுக்கும் காரணம் இல்லாம இல்ல. யார் என்ன படம் பார்த்தாங்கன்னு வெளிய வர்றது எவ்வளவு கேவலமான விஷயம்னு வீடியோ கேசட் காலத்துலயே பட்டாச்சு. 1987-ல அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு நீதிபதியா ராபர்ட் போர்க்னு ஒருத்தர பரிந்துரை பண்ணப்ப, அவரு கடைல வாடகைக்கு எடுத்த 146 கேசட் பட்டியலை ஒரு வார இதழ் வாங்கி போட்டுடுச்சு. அதுல ஒண்ணும் வில்லங்கமான படம் இல்ல, இருந்தாலும் அரசியல்வாதிங்க பயந்துட்டாங்க, நம்ம பட்டியல் வந்தா என்னாகும்னு. அடுத்த வருஷமே, 1988-ல, அதுக்குன்னு தனிச் சட்டம், மீறுனா ஒரு ஆளுக்கு குறைஞ்சது 2,500 டாலர். கேசட் கடையெல்லாம் போயே போச்சு, சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, வெப்சைட்ல வீடியோ பார்த்தவங்க விவரத்தை விளம்பரக்காரங்களுக்கு கடத்துனதா போடுற வழக்கெல்லாம் இதை வச்சுத்தான் நடக்குது.

சரி, இனி சொல்லு.

> பேரு தெரியுற இடத்துல "கண்டோர் பட்டியல்" அழகா இருக்கு. சுருக்கமும் கூட.

எழுத்துல அழகுதான் அக்கா, வாயில வந்தா "கண்டவங்க பட்டியல்" ஆயிடும். கண்டவன் போனவன்லாம் பார்க்குற வீடியோன்னு நம்ம பயனரே நம்மள கிண்டல் பண்ணுவான். "நோக்கர்" போட்டா உற்று கவனிச்ச மாதிரி இருக்கு, கட்டைவிரல் தள்ளுன வேகத்துல ஸ்டோரி தாண்டிப் போனவன நோக்கர்னு சொல்றது கொஞ்சம் மரியாதை ஜாஸ்தி. "பார்ப்பார்"னு ஒரு நண்பர் போட்டிருந்தாரு, இலக்கணம் சரிதான், ஆனா அதை வச்சா குழுமம் அடுத்த ஒரு மாசத்துக்கு வேற விஷயத்தைத்தான் பேசும், விட்டுடுவோம். "பார்வையாளர்" பழகுன சொல்லு, ஆனா ஏற்கனவே நிறைய சுமக்குது, நோயாளிய பார்க்க வர்றவரும் பார்வையாளர், தேர்தலுக்கு வர்ற அதிகாரியும் பார்வையாளர், கேலரில உக்காந்திருக்குறவரும் பார்வையாளர்.

என் ஓட்டு "பார்த்தோர்". இறந்தகாலம் உள்ளயே இருக்கு, அந்தப் பட்டியல்ல பேரு வர்றதுக்கு அந்த ஆளு ஏற்கனவே பார்த்திருக்கணும். சின்ன திரைல "பார்த்தோர்: 12"ன்னு அடங்கிடும், தட்டுனா "பார்த்தோர் பட்டியல்". ஆனா ஒரு கறாரான நிபந்தனையோட, பேரு காட்டுற இடத்துல மட்டும்தான் இதை போடணும்.

பேரு காட்டாம கூட்டுத்தொகை, வயசு, நாடு காட்டுற பக்கத்துக்கு "பகுப்பாய்வு"ன்னு ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு, எனக்கு அது ஆய்வுக்கூட வாடை அடிக்குது. "பார்வை நிலவரம்"னு போடுங்களேன். வானிலை நிலவரம், வாக்கு நிலவரம்னு தினமும் கேக்குற சொல்லு, யாரும் அதுல தனி ஆளோட பேரை எதிர்பார்க்க மாட்டாங்க. இந்த சொல்லுக்காக நான் கொஞ்சம் சண்டை போடக்கூட தயார்.

இப்ப யாரும் தொடாத இடம். இப்ப மொழிபெயர்ப்புல "12 வியூஸ்"ஐ ரெண்டு மூணு இடத்துல "12 பேர் பார்த்தனர்"னு போட்டிருக்கோம், பேச்சுலயும் பத்து லட்சம் வியூ வந்தா பத்து லட்சம் பேர் பார்த்துட்டாங்கன்னுதான் சொல்றோம். அது ஆள் கணக்கு இல்லீங்க. ஒரே ஆளு பன்னெண்டு தடவ பார்த்தாலும் அங்க பன்னெண்டு ஆகலாம். "பேர்"னு எழுதுனா தலைய எண்ணிட்டோம்னு அர்த்தம், எண்ணாத தலைய எண்ணுனதா சொல்லக்கூடாது. "பேர்" வர்றதெல்லாம் யூனிக் வியூவருக்கு, அதாவது ஒரே ஆளு எத்தனை தடவ பார்த்தாலும் ஒருத்தரா எண்ணுற கணக்குக்கு மட்டும், அதுவும் யூடியூப்ல உத்தேசக் கணக்குதான், ஒரே ஆளு போன்லயும் டிவிலயும் பார்க்குறது, ஒரே டிவிய வீடே பார்க்குறது எல்லாத்தையும் யோசிச்சு மதிப்பிடுறாங்க.

> வியூவுக்கு "பார்வை" போதும், இதுல என்ன குழப்பம்?

குழப்பம் நம்மகிட்ட இல்ல, அவங்ககிட்ட. ஃபேஸ்புக் ரொம்ப நாளா மூணு செகண்ட் ஓடுனா ஒரு வியூன்னுச்சு. அதுலயும் சராசரி பார்க்கும் நேரத்தை கணக்கு போடும்போது மூணு செகண்டுக்கு குறைவா பார்த்தவங்கள வகுக்குற எண்ணுல இருந்தே விட்டுட்டு, ரெண்டு வருஷமா ஊதின எண்ணையே காட்டிட்டு இருந்தோம்னு 2016-ல ஒத்துக்கிட்டாங்க. யூடியூப் ஷார்ட்ஸ்ல 2025 மார்ச் 31-ல இருந்து ஓட ஆரம்பிச்சாலே வியூ, திரும்ப சுத்துனா அதுவும் வியூ, நிஜமா நின்னு பார்த்த கணக்கை "என்கேஜ்ட் வியூ"ன்னு தனியா தள்ளிட்டாங்க. பழைய ட்விட்டரான எக்ஸ்ல 2022 டிசம்பர்ல இருந்து தெரியுற அந்த எண்ணு, பதிவு திரைல தாண்டிப் போனாலே ஏறும். இதுக்கெல்லாம் "பார்வை"னு சொல்றது தாராளம். இன்ஸ்டாகிராம்ல ரீலுக்கு முன்ன "ப்ளே"ன்னு ஒரு கணக்கு இருந்துச்சு, 2024-ல அதையும் தூக்கிட்டு எல்லாத்தையும் "வியூ"ன்னு ஆக்கிட்டாங்க. நம்மகிட்ட "ஓட்டம்"னு அருமையான சொல்லு சும்மா கிடக்கு. படம் நூறு நாள் ஓடுச்சுங்கிறோம், வீடியோ நல்லா ஓடுதுங்கிறோம், யாரு பார்த்தா, முழுசா பார்த்தானா தூங்கிட்டானான்னு அதுல ஒரு பேச்சும் இல்ல. ஆட்டோ ப்ளேல தானா சுத்துறதுக்கு "ஓட்டம்", நின்னு பார்த்ததுக்கு "பார்வை". அவங்க ரெண்டையும் ஒண்ணாக்குனாலும் உதவிப் பக்கம் எழுதுறப்ப நமக்கு இது கை குடுக்கும்.

இம்ப்ரெஷனுக்கு, அதாவது ஆப் எத்தனை தடவ திரைல காட்டுச்சுங்குற கணக்குக்கு, "கண்படல்"னு வந்த பரிந்துரைய பார்த்து சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய தமிழ்ல கண்படுதல்னா தூங்குறது, இன்னைக்கு கண்பட்டா திருஷ்டி. "ஒரு லட்சம் கண்படல்"னு காட்டுனா அன்னைக்கே பூசணிக்காய் உடைக்க வேண்டியதுதான். "காட்டியது"ன்னே போடலாம், ஆப் காட்டுச்சு, அவ்வளவுதான் உண்மை.

திரும்பத் திரும்ப வர்ற ரிட்டர்னிங் வியூவருக்கு "மீள்வருகைப் பார்வையாளர்"னு ஒரு ரயில் வண்டி ஓடுது, "நேயர்" போதும். வானொலி காலத்துச் சொல்லு, நேயம் உள்ளவருன்னு அர்த்தம், சும்மா ஒரு தடவ வந்துட்டு போனவர நேயர்னு யாரும் சொல்றதில்ல.

பரஸ்பர பேரத்துக்கு, அதாவது டிக்டாக்ல ப்ரொஃபைல் பார்த்தவங்கள காட்டுற அமைப்பு, லிங்க்டின்ல பேரை மறைச்சுட்டு பார்க்குறவனுக்கு இலவசக் கணக்குல தன்னை யார் பார்த்தாங்கன்னு காட்டாம விடுறது, வாட்ஸ்அப் ப்ளூ டிக், இதுக்கெல்லாம் "இருவழித் தெரிதல்"னு தற்காலிகமா வச்சுக்கலாம். எனக்கே முழுசா திருப்தி இல்ல. "இருவழி" சரி, "தெரிதல்" இலங்கை நண்பர்களுக்கு தேர்ந்தெடுக்குற "தெரிவு" பக்கம் இழுக்குமோன்னு ஒரு யோசனை. அமைப்புகள் பக்கத்துல சொல்லா இல்லாம வாக்கியமாவே எழுதிடலாம்னும் தோணுது: "நீங்கள் பார்த்ததை மற்றவர்களுக்குக் காட்டினால், உங்களைப் பார்த்தோரையும் நீங்கள் காணலாம்." நீளம்தான், ஆனா படிச்சவன் ஏமாற மாட்டான்.

யூனிக் வியூவர்தான் இன்னும் தொங்குது. "தனிப் பார்வையாளர்" வேணவே வேணாம், தனியா உக்காந்து பார்க்குறவன்னு ஆகுது. "தனித்துவப் பார்வையாளர்" அதை விட மோசம், ஏதோ விருது குடுத்த மாதிரி. நான் "ஆள் எண்ணிக்கை"ன்னு வச்சு, பக்கத்துல "உத்தேசம்"னு சின்னதா போட்டுப் பார்த்தேன், பொருள் சரியா வருது, ஆனா "பார்வை எண்ணிக்கை"க்கு கீழயே வர்றப்ப ரெண்டு எண்ணிக்கையும் இடிக்குது. "எத்தனை பேர்"னு கேள்வியாவே தலைப்பு வச்சா எப்படி இருக்கும்? இடைமுகத்துல கேள்வி வரக்கூடாதுன்னு நம்ம நடைக் கையேட்டுல இருக்குன்னு தெரியும், இந்த ஒரு இடத்துக்கு விதிவிலக்கு குடுக்கலாமான்னு மட்டும் சொல்லுங்க.