ஏப்ரல் 11 சாமத்தியவீடும் மாம்பழத் தட்டும்: ‘ஆனைக்கோட்டைக் குடும்பம்’ குழுவில்

ரஞ்சி (சார்சல், பரிசுக்கு அருகே): எல்லோருக்கும் வணக்கம். மகள் அபியின் சாமத்தியவீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) மண்டபம் ஏப்ரல் 11, சனிக்கிழமைக்குக் கிடைத்துவிட்டது. முன்பணமும் கட்டியாயிற்று. இனிப் பழத்தட்டுகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். முன்தட்டில் மாம்பழம் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

குகன் (லண்டன்): மாம்பழத் தட்டு தாய்மாமனின் பொறுப்பு. என்னிடம் விடுங்கள்.

சுதன் (சூரிச்): தாய்மாமன் இரண்டு பேர் இருக்கிறோம் அண்ணா.

பெரியம்மா (ஆனைக்கோட்டை): நான் வரும்போது வளவில் காய்க்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவருகிறேன். பிள்ளையின் தட்டுக்குக் கடைப்பழம் எதற்கு?

செல்வம் சித்தப்பா (பரிஸ்): அக்கா, தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பையில் பழம் கொண்டுவருவதென்றால், ஏற்றுமதி நாடு கொடுக்கும் தாவரநலச் சான்றிதழ் இருக்க வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. மாம்பழம் அதில் இல்லை. பழஈயின் புழு பழத்துக்குள் இருந்தால் வெளியில் தெரியாது என்பதால், விமான நிலையத்தில் கண்டால் அப்படியே எடுத்து அழித்துவிடுவார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிய பழம் குப்பைக்குப் போவதை நான் விரும்பவில்லை. அதோடு, அங்கேயே கறுத்தக்கொழும்பான் வைகாசியில்தானே நன்றாக வரும்?

பெரியம்மா (ஆனைக்கோட்டை): முன்காய் கொஞ்சம் இருக்கும். சரி, தேங்காய் கொண்டுவருகிறேன்.

குகன் (லண்டன்): சித்தப்பா, நான் டூட்டிங்கில் அல்போன்சா பெட்டிகளை வாங்கிக் காரில் ஏற்றிக் பிரான்சின் கலே துறைமுகம் வழியாக வந்துவிடுவேன். ஏப்ரலில் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கும்.

செல்வம் சித்தப்பா (பரிஸ்): அதுவும் முடியாது, குகன். 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாடுதான். லண்டனில் வாங்கிய மாம்பழமும் ஆனைக்கோட்டையில் பிடுங்கிய மாம்பழமும் கலேயில் ஒரே சட்டத்துக்குள்தான் வரும்.

தேவி மாமி (டோர்ட்மண்ட்): அப்படியானால் பரிசிலேயே வாங்குவோம். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மாம்பழம் இல்லாத நாள் உண்டா?

செல்வம் சித்தப்பா (பரிஸ்): மாம்பழம் இல்லாத நாள் இல்லை, தேவி. ஆனால் அது எந்த நாட்டு மாம்பழம், எந்த வயதில் பிடுங்கியது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்; பொறுமையாக வாசியுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஆண்டு முழுவதும் மாம்பழம் கொடுக்கும் நாடு என்று பார்த்தால் பிரேசில் ஒன்றுதான், அதுவும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையில்தான் அதன் வரத்து உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஸ்பெயினின் மாலகாப் பக்கத்து ஓஸ்டீன் பழம் கிடைக்கும். டிசம்பரில் பெருவின் கென்ட் வகை மாம்பழம் தொடங்கும். முதலில் பியூரா, பிறகு லம்பாயெக்கே, கடைசியாகக் காஸ்மா என்று வடக்கிலிருந்து தெற்காக அறுவடை இறங்கிவரும். மார்ச்சில் அங்கே அறுவடை ஓயும்போது மேற்கு ஆப்பிரிக்காவில் மரங்கள் காய்த்து நிற்கும். மாலி, புர்கினா பாசோவின் அமேலி பழம் முன்னதாகவே விமானத்தில் வந்துவிடும். ஐவரி கோஸ்டின் கென்ட் ஏப்ரலில் அறுவடையாகிக் கப்பலில் வந்துசேர மாதக் கடைசி ஆகிவிடும். கோடையில் செனகலும் பாகிஸ்தானின் சௌன்சாவும் வரும்.

உங்களுடைய ஏப்ரல் 11, பெரு முடிந்தும் முடியாமலும், ஐவரி கோஸ்ட் தொடங்கியும் தொடங்காமலும் இருக்கிற இடைவெளியில் சரியாக விழுகிறது.

சுதன் (சூரிச்): மண்டபத்தைப் பெப்ரவரிக்கு எடுத்திருக்கலாம்.

ரஞ்சி (சார்சல்): பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் எடுத்தோம். மண்டபப் பேச்சு இனி வேண்டாம், தம்பி.

தேவி மாமி (டோர்ட்மண்ட்): இடைவெளியாக இருந்தால் விலை கூடும், அவ்வளவுதானே?

செல்வம் சித்தப்பா (பரிஸ்): விலை கூடுவது ஒன்று, தரம் இறங்குவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. பெருவிலிருந்து ரொட்டர்டாமுக்குக் கப்பல் வந்துசேர மூன்று கிழமை பிடிக்கும். பருவத்தின் கடைசிப் பழம் ஏற்கெனவே முற்றிய பழம். அது அத்தனை நாள் குளிரில் இருந்து வரும்போது காம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் பிடிக்கத் தொடங்கியிருக்கும். இரவு பரிசின் ருன்ஜிஸ் மொத்தச் சந்தையில் பெட்டியைத் திறந்தவுடன் நான் முதலில் பார்ப்பது அந்தக் காம்படியைத்தான். காம்புக்கு இரு பக்கமும் தோள் நிமிர்ந்து, காம்பு குழிக்குள் இறங்கியிருந்தால் அது முற்றிய பிறகு பிடுங்கிய பழம். தோள் சரிந்திருந்தால் பிஞ்சிலே பிடுங்கியது; அதை எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது.

வானமும் இதில் சேர்ந்துகொள்ளும். 2023இல் பசிபிக் கடல் சூடேறும் எல்நினோவால் பெருவில் குளிர்காலம் குளிராமல் போனதால் மரங்கள் சரியாகப் பூக்கவில்லை. 2024 தொடக்கத்தில் இங்கே மாம்பழத்துக்குத் தட்டுப்பாடு வந்து, விலை ஏறிப்போய் நின்றது. அடுத்த பருவத்தில் நேர்மாறாகப் பழம் வந்து குவிந்து, விலை விழுந்தது. ஆகவே போன வருடத்து விலையை நினைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.

தேவி மாமி (டோர்ட்மண்ட்): எங்கள் நிரோவின் கல்யாணத்தில் மாம்பழம் கல்லாக இருந்ததே, அதுவும் இந்த இடைவெளியில் வந்ததுதானா? அன்றைக்கு எல்லோரும் என்னைத்தான் குறை சொன்னீர்கள்.

குகன் (லண்டன்): அதை இப்போது ஏன் எடுக்கிறீர்கள் மாமி?

தேவி மாமி (டோர்ட்மண்ட்): கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

செல்வம் சித்தப்பா (பரிஸ்): நிரோவின் கல்யாணம் நவம்பர் கடைசியில் நடந்தது. ஸ்பெயின் முடிந்து பெரு இன்னும் வந்துசேராத நேரம் அது. வருடத்தின் மற்ற இடைவெளி. தேவியின் மீது பிழை இல்லை. கப்பலில் வந்த பழத்தை வீட்டுச் சூட்டில் நாலைந்து நாள் வைத்துப் பழுக்க விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் தோல் கறுத்துச் சதை இறுகிவிடும்.

தேவி மாமி (டோர்ட்மண்ட்): இதை இத்தனை வருடம் கழித்தாவது எழுதினீர்களே அண்ணா. நன்றி.

சுதன் (சூரிச்): சித்தப்பா, அல்போன்சாவைப் பரிசில் வாங்க முடியாதா? காசை நான் தருகிறேன். அண்ணா லண்டனில் இருந்து கொண்டுவர முடியாதுதானே.

குகன் (லண்டன்): காசு தர எனக்கும் முடியும்.

செல்வம் சித்தப்பா (பரிஸ்): வாங்கலாம். பழஈ காரணமாக 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருந்தது. 2015 ஜனவரியில் தடையை நீக்கினார்கள். இப்போது ஏற்றுவதற்கு முன் 48 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுப்பது போன்ற பாதுகாப்பு முறைகளைச் செய்துதான் அனுப்புகிறார்கள். ரத்னகிரி, தேவ்கட் பக்கத்து அல்போன்சாப் பழம் ஏப்ரலில் விமானத்தில் வரும். ஆனால் முதல் கிழமைகளில் வரத்துக் குறைவு; விமானக் கூலியும் சேர்வதால் விலை மிக அதிகம். தட்டில் பொன்னிறமாக அழகாக இருக்கும் என்பது உண்மை. என் யோசனை என்னவென்றால், முன்தட்டு ஒன்றுக்கு மட்டும் அல்போன்சா வாங்கலாம். மற்றத் தட்டுகளுக்கு விமானத்தில் வந்த கென்ட்டை எடுக்கலாம். நாலு கிலோப் பெட்டியில் 8 என்று அச்சிட்டிருந்தால் எட்டுப் பழம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். தட்டுக்கு அந்த அளவுதான் பார்வையாக இருக்கும்.

ரஞ்சி (சார்சல்): லிச்சி கிடைக்குமா சித்தப்பா? அபிக்கு மிகவும் பிடிக்கும்.

செல்வம் சித்தப்பா (பரிஸ்): பிரான்சில் லிச்சி என்றால் நத்தார் (கிறிஸ்மஸ்) பழம், ரஞ்சி. மடகாஸ்கரில் நவம்பரில் பிடுங்கி, முதலில் விமானத்திலும் பிறகு குளிரூட்டிய கப்பலிலும் கொண்டுவந்து, நத்தார், புதுவருடத்தையொட்டிப் பெரும்பகுதியை விற்றுவிடுவார்கள். ஏப்ரலில் அதை நம்பி ஒரு தட்டை ஒதுக்க வேண்டாம்.

அன்னாசிக்கு யோசிக்கவே வேண்டாம். கோஸ்ட்டா ரிக்காவிலிருந்து வருடம் முழுவதும் வருகிறது. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5 என்பதால் அதற்கு முந்தின கிழமை தேவை கூடும். முடிந்த கிழமை தணிந்துவிடும். வாழைப்பழமும் அப்படித்தான், எப்போதும் உண்டு. ஆனால் அது பச்சையாக வந்து, இங்கே அறைக்குள் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்கப்படுகிறது. சனிக்கிழமை மஞ்சளாக, கரும்புள்ளி இல்லாமல் இருக்க வேண்டுமானால், நுனி பச்சையாக உள்ள சீப்புகளை வியாழக்கிழமை எடுக்க வேண்டும்.

பெரியம்மா (ஆனைக்கோட்டை): கதலி வாழைப்பழம் கொண்டுவரலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்களே?

செல்வம் சித்தப்பா (பரிஸ்): வாழைப்பழத்துக்கு விலக்கு உண்டு அக்கா. ஆனால் சூட்கேசுக்குள் நசிந்துவிடும்.

பெரியம்மா (ஆனைக்கோட்டை): கைப்பையில் வைப்பேன்.

ரஞ்சி (சார்சல்): அப்படியானால் முடிவு என்ன? தட்டு பதினைந்தா, இருபத்தொன்றா? அதைச் சொன்னால்தானே சித்தப்பா பெட்டிக்குச் சொல்லிவைக்க முடியும்?

குகன் (லண்டன்): இருபத்தொன்று. முன்தட்டு என்னுடையது.

சுதன் (சூரிச்): அம்மாவைக் கேட்காமல் முன்தட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

தேவி மாமி (டோர்ட்மண்ட்): பதினைந்து போதும். பழம் நன்றாக இருந்தால் பதினைந்தே நிறையும்.

செல்வம் சித்தப்பா (பரிஸ்): முன்தட்டு யாருடையது என்பதை நீங்கள் பேசி முடியுங்கள். மார்ச் நடுப்பகுதிக்குள் எனக்குத் தொகை தெரிந்தால், கென்ட் பெட்டிகளுக்கு இறக்குமதியாளரிடம் சொல்லிவைத்து, விழாக் கிழமையின் திங்கட்கிழமை நானே தெரிந்தெடுத்துச் சார்சலுக்குக் கொண்டுவந்து தருவேன். ரஞ்சி, அவற்றை அடுக்குவதற்கு வெயில் படாத ஓர் அறை இருக்கிறதா?

ரஞ்சி (சார்சல்): அபியின் அறை இருக்கிறது. அவளைத்தான் கேட்க வேண்டும்.