கிரிப்டோவைச் செலவழிக்க முற்கொடுப்பனவு அட்டை: மலையகத்தில் எங்கள் அனுபவங்கள்

ஹட்டன்

நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுப்பதே என் தொழில். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலுள்ள ஒரு வாடிக்கையாளர், இனிமேல் என் கூலியை யூஎஸ்டிடி எனப்படும், டொலருடன் இணைக்கப்பட்ட கிரிப்டோ நாணயமாகவே தருவதாகக் கூறினார். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக இலங்கையில் பணத்தைப் பெற முடியாதிருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். அந்த நாணயத்தை ரூபாயாக மாற்றுவதற்கு வழி தேடியபோதுதான் முன்கூட்டியே பணம் ஏற்றிவிட்டுச் செலவழிக்கும் இந்த முற்கொடுப்பனவு அட்டைகளைப் பற்றி அறிந்தேன். புதிதாக அட்டை எடுக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே சேர்க்க வேண்டுகிறேன்.

அட்டை வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் கடையில் அட்டையைக் கொடுக்கும்போது கடைக்காரருக்குக் கிரிப்டோ எதுவும் போவதில்லை. அட்டை நிறுவனம் நம் நாணயத்தை விற்று டொலராகவோ யூரோவாகவோ மாற்றிவிடுகிறது. பின்னர் வீசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பு அதை ரூபாயாக்கிக் கடைக்காரரின் வங்கியில் சேர்க்கிறது. ஆகவே ஒரு கொடுக்கல்வாங்கலில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன, இரண்டிலும் ஏதோ ஒரு கழிவு இருக்கிறது. விளம்பரத்தில் "கட்டணம் இல்லை" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவது மாற்றத்தைப் பற்றியது மட்டுமே என்பதை நான் பணத்தை இழந்த பிறகே புரிந்துகொண்டேன்.

அப்போது டொலர் ஏறத்தாழ 300 ரூபாயாக இருந்தது. ஹட்டன் நகரிலுள்ள ஏ.டி.எம். ஒன்றில் 20,000 ரூபாய் எடுத்தேன். அது 66 டொலர் 67 சதம். அந்நியச் செலாவணி மாற்றுக்கூலியாக அட்டை நிறுவனம் 2.5 சதவீதம் எடுத்தது, பணம் எடுத்ததற்கு மூன்றரை டொலர் தனியாகக் கழிந்தது, ஏ.டி.எம். வைத்திருந்த வங்கி தன் பங்குக்கு 400 ரூபாய் எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 20,000 ரூபாயைக் கையில் வாங்குவதற்கு ஏறத்தாழ 22,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அட்டையில் பணம் ஏற்றும்போது போன இரண்டு சதவீதம் இந்தக் கணக்கில் சேரவில்லை. முதல் மாதம் இது தெரியாமல் 5,000 ரூபாயாக நான்கு முறை எடுத்தேன். மூன்றரை டொலரும் 400 ரூபாயும் நான்கு தடவை கழிந்தன. என் அம்மா ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்துப் பெறும் சம்பளத்தைவிட அது அதிகம். அந்தக் கணக்கை எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணத்தை அட்டையின் நாணயத்திலேயே கணக்கிடவா என்று சில ஏ.டி.எம். பொறிகள் திரையில் கேட்கும். ஆம் என்று சொன்னால் அந்தப் பொறிக்குரிய வங்கி தன் விருப்பப்படி மாற்று விகிதத்தை வைத்துக்கொள்ளும். மாற்றம் வேண்டாம், ரூபாயிலேயே கணக்கிடுக என்பதைத் தெரிவு செய்வதே நமக்கு இலாபம்.

அட்டையை வாங்குவதில் எனக்கு மிகுந்த வேதனை தந்தது முகவரிதான். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் எங்களுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஹட்டன் என்ற மூன்று சொற்களே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவானவை. வதிவிடத்தை உறுதிப்படுத்த மின்பட்டியலைக் கேட்டார்கள். எங்கள் லயத்தின் மின்பட்டியல் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தது. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை அனுப்பினேன். ஆங்கிலத்தில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் தந்தையின் பெயர் எழுதப்பட்டிருந்ததால் இன்னும் இரண்டு வாரங்கள் போயின. கடைசியில் அட்டை அனுப்பப்பட்டது. அது தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாரோ கையெழுத்திட்டு வாங்கி, ஏழு வாரங்கள் கழித்து உறை கிழிந்த நிலையில் என் கைக்கு வந்தது. உடனே அதை முடக்கிவிட்டுப் புதிய அட்டைக்கு மீண்டும் கட்டணம் செலுத்தினேன். இணையச் செலவுக்கு மட்டும் தேவைப்படுபவர்கள் கையடக்கத் தொலைபேசியிலேயே கிடைக்கும் மெய்நிகர் அட்டையுடன் நின்றுகொள்வது நல்லது என்பது என் கருத்து.

பண்டாரவளை

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் அட்டை எடுப்பதற்கு முன், ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில்தான் நாணயத்தை ரூபாயாக்கி வந்தேன். கட்டணம் குறைவு, பணம் சில நிமிடங்களில் வங்கிக் கணக்கில் வந்துவிடும் என்பதால் அதுவே சிறந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் 85,000 ரூபாய் வந்தது. அனுப்பியவரின் பெயர் என்னிடம் வாங்கியவரின் பெயருடன் பொருந்தவில்லை. கேட்டதற்கு, மைத்துனரின் கணக்கிலிருந்து அனுப்பியதாகச் சொன்னார். நான் நம்பி நாணயத்தை அவருக்குப் போகும்படி விடுவித்தேன். மூன்று வாரங்களின் பின் என் கணக்கு முடக்கப்பட்டது. அந்த 85,000 ரூபாய், வேறொருவரை ஏமாற்றிப் பெற்ற பணமாம். பறிகொடுத்தவர் பொலிசில் முறையிட்டிருக்கிறார்.

அந்தக் கணக்கில்தான் என் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கான பணமும் இருந்தது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்து, உரையாடல்களையெல்லாம் அச்சிட்டுக் கையளித்து, கணக்கு திரும்பத் திறக்கப்பட நான்கு மாதங்கள் ஆயின. நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்பதை நானே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த வழியில் செல்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வாங்குபவரின் பெயரும் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குறுஞ்செய்தி வந்துவிட்டது என்பதற்காக நாணயத்தை விடுவிக்காதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகே விடுவியுங்கள். அட்டையில் கழிவு அதிகம் என்பது உண்மைதான், தம்பி. ஆனாலும் அட்டை எடுத்த பிறகு யாருடைய திருட்டுப் பணமும் என் கணக்குக்கு வரவில்லை.

மஸ்கெலியா

என்னுடையது சிறிய அனுபவம். அட்டையில் பணம் ஏற்றுவதற்கு எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் முகவரி தரப்பட்டிருந்தது. கட்டணம் குறைவு என்று நான் பிஎன்பி என்ற வேறொரு கிரிப்டோ வலையமைப்பில் அனுப்பினேன். இரண்டிலும் முகவரி ஒரே தோற்றத்தில் இருக்கும் என்பதால் செயலி தடுக்கவில்லை. 60 டொலர் போனது போனதுதான் என்று நினைத்தேன். மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக எழுதியபின் ஆறு வாரங்களில் 15 டொலரைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். முதல் முறை அனுப்பும்போது ஐந்து டொலரை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் டெலிகிராமில் அட்டை விற்றவரிடம் "செயற்படுத்தும் கட்டணம்" என்று 50 டொலர் கொடுத்து ஏமாந்ததையும் கண்ணால் பார்த்தேன்.

கண்டி

நான் கணக்கியல் துறையில் வேலை செய்பவன். கட்டணத்தைப் பற்றியும் முகவரியைப் பற்றியும் எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் அட்டையைத் தெரிவு செய்யும்போது நம்மவர்கள் பார்க்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அட்டையின் முகப்பிலுள்ள பெயர் ஒன்று. பின்புறத்தில் சிறிய எழுத்தில், இந்த அட்டை இன்னாரால் வெளியிடப்படுகிறது என்று அச்சிடப்பட்டிருக்கும் பெயர் வேறொன்று. வீசாவுடனோ மாஸ்டர்கார்டுடனோ உடன்படிக்கை வைத்திருப்பது அந்த இரண்டாவது நிறுவனம்தான். அது விழுந்தால், முகப்பில் எத்தனை பெரிய பெயர் இருந்தாலும் அட்டை வெறும் பிளாஸ்டிக்காகிவிடும்.

இது நடந்திருக்கிறது. ஜிப்ரால்டரைத் தளமாகக் கொண்ட வேவ்கிரெஸ்ட் என்ற நிறுவனம் பல கிரிப்டோ அட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. 2018 ஜனவரியில் வீசா அதன் உறுப்புரிமையை நீக்கியபோது கிரிப்டோபே, பிட்வாலா போன்ற வெவ்வேறு பெயர்களைத் தாங்கிய அட்டைகள் ஒரே நாளில் செயலிழந்தன. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் என்ற கொடுப்பனவு நிறுவனத்தின் கணக்கில் 190 கோடி யூரோ இல்லை என்பது வெளிப்பட்டு, அந்நிறுவனம் வங்குரோத்து நிலைக்குச் சென்றது. அதன் பிரித்தானியக் கிளை நிறுவனத்தின் செயற்பாடுகளை அந்நாட்டு நிதி ஒழுங்குபடுத்தும் அமைப்பு நிறுத்தியபோது, அது வெளியிட்ட அட்டைகளை வைத்திருந்த மக்கள் சில நாட்கள் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். கிரிப்டோவோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண அட்டைகளும் அவற்றில் அடங்கும். 2023 செப்டம்பரில் பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தை வழங்கிய அட்டையின் மாஸ்டர்கார்ட் சேவை அர்ஜென்டினா, பிரேசில், கொலம்பியா, பஹ்ரைன் ஆகிய நான்கு நாடுகளில் முடிவுக்கு வந்தது. அங்கே முன்னறிவித்தல் கிடைத்தது. 2018 இல் அதுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே, அட்டை நிறுத்தப்பட்டால் மீதியை நம் கிரிப்டோ பணப்பைக்கோ வங்கிக்கோ திரும்ப எடுப்பதற்கு வழி உண்டா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தின் அட்டையை, அது செலவில் எத்தனை சதவீதத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாலும், நான் வாங்க மாட்டேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மெய்நிகர் நாணயங்கள் தொடர்பான திட்டங்களை நடத்துவதற்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமமோ அதிகாரமோ வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் பொதுமக்களை எச்சரித்தது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் விடுக்கப்பட்ட 3 ஆம் இலக்கப் பணிப்புரையின்படி, நம் வங்கிகளின் பற்று அட்டைகளையோ கடனட்டைகளையோ பயன்படுத்தி மெய்நிகர் நாணயம் வாங்க முடியாது. வைப்புக் காப்புறுதித் திட்டம் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. வெளிநாட்டு அட்டையில் ஏற்றிய பணத்துக்கு அது பொருந்தாது. ஏமாற்றப்பட்டால் முறையிட நமக்கு இங்கே வாசல் இல்லை என்பதை அறிந்தே அதில் பணம் வைக்க வேண்டும். நான் பார்த்தவரையில், ஒரு மாதச் செலவுக்கு மேல் அட்டையில் வைத்திருந்தவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள்.

ஹட்டன்

கண்டி அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு என் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெளியிடும் நிறுவனத்தின் பெயரை நான் அதுவரை வாசித்ததே இல்லை. மீதியைத் திரும்ப எடுக்கும் வழியைக் கேட்டு எழுதினேன். அட்டை மூடப்பட்டால் மீதியை 10 டொலர் கழிவுடன் வங்கிக்கு அனுப்புவோம் என்ற பதில் கிடைத்தது. அதன் பின் வாடிக்கையாளரிடம் பேசினேன். இரண்டு மாதக் கூலியைச் சேர்த்து என் வங்கியின் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு நேரடியாக அனுப்ப அவர் சம்மதித்திருக்கிறார். சேர்த்து அனுப்பும்போது வங்கிக் கட்டணம், ஏ.டி.எம். வழியாக நான் இழந்ததில் பாதிகூட வரவில்லை. அட்டையில் இப்போது 40 டொலருக்கு மேல் வைப்பதில்லை. இணையத்தள வாடகைக்கும் மென்பொருள் சந்தாவுக்கும் மட்டும் பயன்படுத்துகிறேன்.

முகவரி விடயத்தில் மட்டும் எனக்கு இன்னும் நல்ல வழி தெரியவில்லை. அட்டை அடுத்த ஆண்டு காலாவதியாகும்போது அதே பத்திரங்களை மீண்டும் கேட்பார்கள். தோட்டங்களில் இருந்து விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதுளை

நானும் லயத்தில் இருந்துதான் விண்ணப்பித்தேன், தம்பி. மின்பட்டியலை விட்டுவிடுங்கள். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குச் சென்று, கடைசி மூன்று மாதக் கணக்குக் கூற்றை ஆங்கிலத்தில் அச்சிட்டு முத்திரையிட்டுத் தரும்படி கேளுங்கள். அதற்கு முன் வங்கியிலுள்ள முகவரியில் உங்கள் லயத்தின் இலக்கத்தையும் வீட்டின் இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு பத்திரத்துடன் மூன்று நாட்களில் அனுமதி கிடைத்தது. அட்டையைத் தோட்டத்துக்கு வரவழைக்காமல், நகரில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைக் கொடுத்தேன். தபால்காரர் கடைக்கு வந்த அன்றே அவர் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார்.