நகைச்சுவை இசைத்தட்டு: முழுக் கலையா, மேடையின் மிச்சமா?

வானொலிக் குரல்:
பழைய நகைச்சுவைத் தட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்க நகைச்சுவையாளர் பாப் நியூஹார்ட் 1960-இல் வெளியிட்ட ‘தி பட்டன்-டவுன் மைண்ட்’. கணக்கராக வேலை பார்த்தவர். அதற்கு முன் இரவு விடுதி மேடை எதிலும் ஏறியதில்லை. ஹூஸ்டன் நகர விடுதி ஒன்றில் அவர் பேசியதைப் பதிவு செய்து தட்டாக்கினார்கள். அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; பாடகர்களையெல்லாம் முந்தி, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது.

அதில் ஆபிரகாம் லிங்கனின் விளம்பர ஆலோசகர் அவரோடு தொலைபேசியில் பேசுகிறார். லிங்கனின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. அவர் தாடியை மழிக்க நினைக்கிறார் என்பதும், தன் புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையில் கை வைத்துவிட்டார் என்பதும் ஆலோசகரின் பதற்றத்திலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. ஒவ்வொரு மௌனத்திலும் லிங்கனின் பதிலை நாமே எழுதுகிறோம். இதையே திரையில் பார்த்தால், ஒருவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறென்ன தெரியும்? இது காதுக்கென்றே பிறந்த கலை.

மேடைக்காரி:
நியூஹார்ட்டின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒரு விதிவிலக்கு. அவரை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. அமெரிக்க மேடை நகைச்சுவையாளர் ரிச்சர்ட் பிரையரை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு வந்த மாரடைப்பைப் பற்றி அவர் சொல்லும் பகுதி 1978-இல் வந்த இரட்டைத் தட்டிலும் இருக்கிறது, 1979-இல் வெளியான மேடை நிகழ்ச்சிப் படத்திலும் இருக்கிறது. தட்டில் இதயம் அவரை அதட்டுகிறது, மூச்சு விடாதே என்கிறது, அவர் கெஞ்சுகிறார். நன்றாகவே இருக்கிறது. படத்தைப் பாருங்கள். முஷ்டியை மார்பில் வைத்துத் திருகுகிறார். முழங்கால் மடிகிறது. கடைசியில் மேடைத் தரையிலேயே கிடந்து நெளிகிறார். அந்த முஷ்டிதான் இதயம்! வலியில் துடிப்பவரும் வலியைக் கொடுப்பதும் ஒரே உடம்பு என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அடிவயிறு கலங்கும். தட்டில் கிடைப்பது பாதி பிரையர்.

நான் மேடையில் பிழைப்பவள். ஒரு வசனத்துக்கு முன் தோளைச் சற்றே இறக்கினால் சிரிப்பு இரண்டு மடங்காகும். அதை எந்த ஒலிவாங்கியாலும் பிடிக்க முடியாது.

வானொலிக் குரல்:
பிரையரையே எடுத்துக்கொண்டதற்கு நன்றி. 1975-இல் வந்த தட்டில் மட்போன் என்ற மிசிசிப்பிக் கிழவரைக் கேட்டிருக்கிறீர்களா? கிழவரின் இழுவையும், கதையை விட்டு விலகிப்போய்த் திரும்பி வரும் நடையும் தொண்டையிலிருந்து மட்டுமே வருகின்றன. அப்போது பிரையர் முப்பதுகளில் இருந்தவர். படத்தில் பார்த்தால் இளைஞர் ஒருவர் கிழவராக நடிப்பது தெரியும். தட்டில் கிழவர் மட்டும்தான் இருக்கிறார். பாதி பிரையர் என்கிறீர்கள். இங்கே முழுசாக இன்னொரு மனிதரே கிடைக்கிறாரே!

கோட்டோவியர்:
நீங்கள் இருவரும் ஒன்றைத் தொடவே இல்லை: அவையின் சிரிப்பு. அது தட்டில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? நையாண்டிப் பாடல்கள் எழுதிப் பாடிய அமெரிக்கர் டாம் லேரர் 1959-இல் ஏறத்தாழ ஒரே பாடல்களை இரண்டு தட்டுகளாக வெளியிட்டார். ஒன்று பதிவுக்கூடத்தில் ஆளில்லாமல் பாடியது. மற்றது ஹார்வர்டு அரங்கில் பார்வையாளர் முன் பாடியது. நான் பதிவுக்கூடத் தட்டின் பக்கம். பூங்காவில் புறாக்களுக்கு நஞ்சு வைப்பதை அவ்வளவு இனிய வசந்தகால மெட்டில் பாடுகிறார். யாரும் சிரிக்காதபோதுதான் அதன் குரூரம் முழுதாக உறைக்கிறது. அரங்கத் தட்டில் எங்கே சிரிப்பது என்று அவையே எனக்குச் சொல்லிவிடுகிறது.

அந்தச் சிரிப்பை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்தைக் கேலி செய்த நகைச்சுவையாளர் வான் மீடரின் ‘தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி’ 1962 அக்டோபர் 22 அன்று பார்வையாளர் முன் பதிவானது. அதே இரவில்தான் கென்னடி, அணுப்போர் மூளுமோ என்று அஞ்சவைத்த கியூபா ஏவுகணை நெருக்கடியை நாட்டுக்கு அறிவித்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டு லட்சக்கணக்கில் விற்றது. மறு ஆண்டு நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று அதில் ஒலிக்கும் சிரிப்பு என்னை அதற்குள் சேர்த்துக்கொள்வதில்லை.

மேடைக்காரி:
மீடரின் தட்டில் பழசானது நகைச்சுவை; சிரிப்பின் மேல் பழி போடாதீர்கள். சிரிப்பு அந்த இரவின் சாட்சி. அதனால்தான் அந்தத் தட்டை நான் இன்றும் கேட்கிறேன். சற்று நேரத்தில் என்ன செய்தி காதில் விழப்போகிறது என்று அறியாத அறை அது.

லேரர் விஷயத்தில் முழுக்க முரண்படுகிறேன். அரங்கத் தட்டில் பாடல்களுக்கு நடுவே அவர் பேசும் முன்னுரைகளை எப்படி விட்டுவிட்டீர்கள்? ஒரு வாக்கியத்தை நிறுத்துகிறார், அவை சிரித்து ஓய்வதற்குள் அடுத்த வாக்கியத்தால் வெட்டுகிறார். அது அவையோடு ஆடும் ஆட்டம். ஆளில்லாத அறையில் அவர் யாரோடு ஆடுவார்? பதிவுக்கூடத் தட்டில் நல்ல பாடல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

வானொலிக் குரல்:
தட்டே நகைச்சுவையானால் என்ன சொல்வீர்கள்? மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1973-இல் வெளியிட்ட தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில், அடுத்தடுத்து ஓடும் இரண்டு தனித்தனிப் பள்ளங்களை வெட்டியிருந்தார்கள். ஊசி எந்தப் பள்ளத்தில் இறங்குகிறதோ அந்த நிகழ்ச்சி ஓடும். வாங்கியவர் நேற்றுக் கேட்டது இன்று காணாமல் போயிருக்கும். அதுவரை கேட்காத ஒன்று முளைத்திருக்கும். இந்த நகைச்சுவையில் நடிகரும் இல்லை, அவையும் இல்லை. ஊசி, வட்டு, ஏமாந்த ஒரு மனிதர். இதை எந்த மேடையில் நிகழ்த்துவீர்கள்?

மேடைக்காரி:
நிகழ்த்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அது அபாரமான குறும்பு. ஆனால் அந்தக் குறும்பு ஒருமுறைதான் பலிக்கும். பள்ளம் இரண்டு என்று தெரிந்த பிறகு அதில் இருப்பவை சாதாரண நாடகத் துணுக்குகளே. பிரையரின் மாரடைப்புப் பகுதி எப்படி முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்த முழங்கால் மடியும்போது ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

கோட்டோவியர்:
பைத்தான் துணுக்குகள் சாதாரணமா? அதற்குத் தனி விவாத இழையே தொடங்க வேண்டும். இன்றிரவே தொடங்குகிறேன், இருவரும் வந்துவிடுங்கள்.