புதுப்பிப்பு: கூட்டாளியின் முட்டிவலி போனது, 42 கிலோமீட்டரும் ஓடி முடித்தோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் நான்தான். மாரத்தானுக்கு 9 வாரம் இருக்கையில், 12ஆவது கிலோமீட்டர் வந்தாலே என் கூட்டாளிக்கு முட்டியின் வெளிப்பக்கம் குத்துகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தோட்டத்துச் சாலையின் சாய்வைக் கவனிக்கச் சொன்ன அண்ணனின் யோசனை. செம்பனைக் காட்டுப் பாதை மழைநீர் வடிய ஓரத்தில் சரிந்திருக்கிறது. நாங்களோ எப்போதும் ஒரே ஓரம். இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை வரும் தசைநார்ப் பட்டையில்தான் கோளாறு என்று பிசியோவும் சொன்னார். இரண்டு வாரம் ஓட்டமே இல்லை, சைக்கிள்தான். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி தினமும். அப்புறம் பள்ளித் திடலில், திசையை மாற்றி மாற்றி ஓடினோம். முதலில் வாங்கிய புதுக் காலணியால் 400 ரிங்கிட் போனதுதான் மிச்சம்.

எதிர்பாராதது என்னவென்றால், அவன் முட்டி கடைசிவரை முணுமுணுக்கவே இல்லை. 33ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்தது நான்! என் வாயில் ஓர் அசாம்பாயை (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) திணித்து, 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று அவன்தான் இழுத்துப் போனான். பிடிப்பை விடுவித்தது அசாம்பாயா, நின்று காலை நீட்டியதா, சொல்லத் தெரியவில்லை. 5 மணி 52 நிமிடத்தில் கோட்டைத் தாண்டினோம், சேர்ந்தே.