இன்டர்கூலருக்குத் தண்ணீர் தெளிப்பான்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. என்னுடைய டர்போ காரில் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் பாகம்) எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது பிரச்சினை இல்லை. நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் போதும், எஞ்சின் சூடெல்லாம் அதில் ஏறிவிடுகிறது. அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி சோம்பல் முறிக்கிறது. உள்ளே போகும் காற்று சூடானால் அடர்த்தி குறையும், நாக்கிங்கை (எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து எஞ்சின் தட்டுவதை) தவிர்க்க இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, இக்னிஷனைத் தாமதப்படுத்தும். காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் கார்களில் கம்பெனியே தெளிப்பான் வைத்துக் கொடுத்ததுண்டு. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை இன்டர்கூலரிடமிருந்தே வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. (எஞ்சினுக்குள் தண்ணீர் செலுத்தும் முறையைக் கேட்கவில்லை. வெளியே, இன்டர்கூலரின் ஃபின்கள் என்கிற மெல்லிய உலோகத் தகடுகள் மேல் மட்டும்.)

தனியாக ஒரு சின்ன டேங்க், 12 வோல்ட் வாஷர் பம்ப், ரிலே, ஃப்யூஸ், டாஷ்போர்டில் ஒரு பட்டன். உப்புப் படியாமலிருக்க டிஸ்டில்டு வாட்டர். இதுவரை சரி.

குழப்பம் நாசிலில்தான். கண்ணாடி கழுவும் நாசில் தாரையாகப் பீய்ச்சுகிறது, பாதித் தண்ணீர் ஆவியாகாமலே வழிந்துவிடும். பனிபோலத் தெளிக்கும் நாசிலுக்கு வாஷர் பம்பின் அழுத்தம் போதுமா? பம்ப் நின்ற பிறகும் சொட்டாமலிருக்க ஒருவழி வால்வு எங்கே வைத்தீர்கள், நாசிலுக்குப் பக்கத்திலா? பட்டனுக்குப் பதில் வெப்பநிலை சுவிட்ச் போட்டவர்கள் யாராவது இருந்தால், எத்தனை டிகிரியில் இயங்க விட்டீர்கள்?

படம் இருந்தால் போடுங்கள், குழாய் போகும் வழியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.