பெரிய குடும்பம் குழு: இலை கொட்டுற காலம்

*சித்தி டொரோண்டோ, இரவு 8:42*
[படம்]
எங்க வீட்டு வாசல். மேப்பிள் மரம் மொத்தமும் செவந்து நிக்குது பாருங்க. இங்க இன்னிக்கு நன்றி சொல்ற நாள், வருஷா வருஷம் அக்டோபர் ரெண்டாவது திங்கள். ஆளுக்கு ஒன்னு சொல்லுங்க, எதுக்கு நன்றின்னு.

*அம்மா, 8:45*
அழகா இருக்குடி. பசியாறிட்டியா?

*அண்ணன் கேஎல் (கோலாலம்பூர்), 8:46*
தீபாவளிக்கு லீவு குடுத்த முதலாளிக்கு நன்றி 🙏

*நான், 8:47*
இலை எப்படி இப்படி செவக்குது?

*அண்ணன் கேஎல், 8:50*
பகல் குறைஞ்சு குளிர் வந்தா பச்சையம் அழிஞ்சிரும். மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள்ள இருக்கறதுதான், பச்சை மறைச்சிருக்கும். செவப்பு மட்டும் அப்பத்தான் புதுசா ஊறுது.

*பெரிய மாமா சுங்கை பட்டாணி, 8:53*
இதப் பாக்க கனடா போவணுமா? ஜனவரி பிப்ரவரியில நம்ம மலேசியா பால்மரம், ரப்பர் மரம் கொட்டாததா? காடே செவப்பாத்தான் கெடக்கும்.

*சித்தி டொரோண்டோ, 8:54*
அத நெனச்சுத்தாண்ணே அனுப்புனேன். நடந்தா சரசரன்னு சத்தம் கேக்கும்ல?

*பெரிய மாமா, 8:58*
ஒனக்கு சரசர. பால் வெட்டுற நம்ம அம்மாவுக்கு சம்பளக் குறைச்சல். இலை கொட்டி, துளிர் முத்துற வரைக்கும் பால் சரியா எறங்காது. விடியக் கருக்கல்ல போயி வெட்டுனாலும் பால் புடிக்கிற மங்கு அடியில கொஞ்சம் நிக்கும், அவ்ளோதான். கடையில பத்துக் கடன் ஏறிக்கிட்டே போவும். அழகுன்னு அந்தப் பக்கம் யாரு நிமிந்து பாத்தா?

*சித்தி டொரோண்டோ, 8:59*
நான் கடைக்குட்டி. எனக்கு அதெல்லாம் தெரிய விடலயேண்ணே நீங்க.

*அம்மா, 9:06*
அம்மா நிமிந்து பாப்பாங்க அண்ணே. துளிர் வந்துருச்சான்னு. புதுத் துளிர் செம்பு நிறத்துல, பளபளன்னு, தலகீழா தொங்கிக்கிட்டு இருக்கும். மொதக் கொத்து கண்ணுல பட்டதும் ஒடிச்சு மடியில கட்டிக்கிட்டு வந்துருவாங்க. தோட்டத்துக் கணக்கு பாக்குற கிராணிக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. நாங்க இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால இருந்த முனியாண்டி சூலத்துல அத சொருகி சூடம் கொளுத்துவாங்க. தேங்கா வாங்க வழியில்லாத வருஷம் வெறும் சூடந்தான். பால் வந்த பொறவு கும்புட்டா போதாதாம்மான்னு கேட்டேன். "வந்த பொறவு யாரு வேணும்னாலும் கும்புடுவா"ன்னாங்க.

*நான், 9:07*
இத எனக்கு சொன்னதே இல்லியேம்மா 😢

*அம்மா, 9:08*
நீ கேட்டியா?

*அண்ணன் கேஎல், 9:10*
அந்த முனியாண்டி இன்னும் இருக்கா மாமா?

*பெரிய மாமா, 9:12*
ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாச்சு, அப்புறம் வீடுங்க கட்டி தாமான் ஆச்சு. முனி அங்கதான். ரோட்டோரமா தகரக் கூரை போட்டு வச்சிருக்கோம். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வர்றப்ப அந்த வழியாவே போவோம். படி 513, அம்மாவால இனிமே ஏற முடியாது. கீழ நின்னு கும்புட்டுட்டு முனிகிட்ட கூட்டிட்டுப் போவணும். கூலிம் பக்கம் இன்னும் கொஞ்சம் பால்மரம் இருக்கு, அப்ப கொட்டிக்கிட்டு இருக்கும்.

*சித்தி டொரோண்டோ, 9:13*
டிக்கெட் பாக்கறேண்ணே. நெசமா.

*பெரிய மாமா, 9:17*
படத்த அம்மாகிட்ட காட்டுனேன். "இம்புட்டு இலையையும் யாரு கூட்டுறா?"ன்னு கேக்கறாங்க.

*சித்தி டொரோண்டோ, 9:18*
நாங்கதான் 😂 தாள் பையில கட்டி வாசல்ல வச்சா லாரி வந்து எடுத்துட்டுப் போவும்.

*பெரிய மாமா, 9:20*
"நல்ல எருவ ஏண்டி லாரியில ஏத்தற? வாழைக்குப் போடு"ங்கறாங்க.

*சித்தி டொரோண்டோ, 9:21*
இங்க வாழ ஏதும்மா!

*பெரிய மாமா, 9:22*
"அப்ப என்னத்துக்கு அங்க இருக்க?"ங்கறாங்க. நான் சொல்லல, அவங்க.