ஒற்றைப்படை சிப், இரட்டைப்படை சிப்

சிங்கப்பூரில் 'திருட்டுச் சந்தை' என்று பெயர் வாங்கிய சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள் இல்லையா, அதற்குச் சில வாரம் முன்னால் அங்கே பத்து வெள்ளிக்கு ஒரு பழைய சர்க்யூட் போர்டு வாங்கினேன். மோட்டோரோலா 68000 பிராசசர், பக்கத்தில் இரண்டு 27சி256 ஈப்ராம், அதாவது நிரலைச் சேமித்து வைக்கும் சிப்; புற ஊதா ஒளி பட்டால் அழியும். எந்த இயந்திரத்தில் இருந்ததோ, விற்றவருக்கும் தெரியவில்லை. "வீவக அடுக்குமாடி வீட்டில் இதுக்கு வேற இடமா?" என்றார் அம்மா.

ஈப்ராமின் கண்ணாடிச் சன்னல் மேல் இருந்த ஸ்டிக்கர், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பசை போய்த் தொங்கியது. நேர் வெயில் ஒரு வாரம் பட்டாலே உள்ளிருப்பது அழிந்துவிடும். அதனால் முதலில் கறுப்பு டேப். அப்புறம் சிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஒரு கால் வளைந்தது. என் அவசரம்.

சிப்பைப் படிக்கும் கருவியான புரோகிராமரில் வைத்து மூன்று முறை படித்தால் மூன்று வெவ்வேறு செக்சம் (உள்ளிருப்பதைக் கூட்டிப் பார்க்கும் சரிபார்ப்பு எண்). கறுத்திருந்த கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தபின் மூன்றும் ஒத்துப்போயின. ஆனால் ஃபைலைத் திறந்தால் எழுத்துகள் விட்டுவிட்டு: ஒரு சிப்பில் 'சி பி ஆர் ஜி டி', மற்றதில் 'ஓ ஒய் ஐ ஹெச்'. சிப் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சிம் லிம் டவரில் உதிரிபாகம் விற்கும் அங்கிள் ஒருவர்தான், இரண்டும் ஜோடி என்று சிரித்தார். 68000-இன் டேட்டா பஸ், அதாவது தரவு போகும் பாதை, 16 பிட்; ஒரு ஈப்ராம் தருவது 8 பிட், அதாவது ஒரு பைட். ஆகவே இரட்டைப்படை பைட்டுகள் ஒன்றில், ஒற்றைப்படை மற்றதில். மாற்றி மாற்றிக் கோத்தால் 'காப்பிரைட்'!

அதிலும் முதல் தடவை வரிசை மாறிப்போனது. 68000 எழுந்ததும் முதல் நான்கு பைட்டில் ஸ்டாக் (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கும் இடம்) முகவரியையும் அடுத்த நான்கில் நிரலின் தொடக்க முகவரியையும் படிக்கும். எனக்குத் தொடக்கம் 4 என்று வந்தது. அந்த முகவரி எழுதியிருக்கும் இடமே அதுதான், அங்கே நிரல் எப்படித் தொடங்கும்? சிப்புகளை இடம் மாற்றினேன், ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 400, நம் கணக்கில் 1024. அதாவது இப்படிப்பட்ட முகவரிகளின் பட்டியலான 1024 பைட் வெக்டர் அட்டவணை முடிந்த கையோடு நிரல். சரி, இதுதான்.

பிறகு நிரலுக்குள் இருந்த, இயந்திரம் திரையில் காட்டும் செய்திகளைத் தேடிப் படித்தேன். நூல் அறுந்தது, ஊசியை மேலே தூக்கு, துணிச் சட்டத்தைச் சரிபார்... எம்பிராய்டரி இயந்திரம்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ என் ரவிக்கைக்குப் பூ போடுமா?"

"மிஷின் இல்லையேம்மா, மூளை மட்டும்தான்."

"அதானே பார்த்தேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டார்.